மீன் பெரட்டு

டன்வுடி துரை என்னைத் தேர்ந்தெடுத்தது நான் பேசாத ஆள் என்பதற்காக. அதைவிட வேறு தகுதி என்னிடம் இருந்ததில்லை.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, கார்த்திகை மாதம். விடியற்காலைப் பெரட்டுக்காக, தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களாவுக்குக் கீழே உள்ள களத்தில் நின்றிருந்தோம். தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, அன்றைய வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அன்றைக்குத் துரை வேலை பிரிக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் எல்லாரையும்விடக் குறைவாகப் பேசுகிறவன் யார் என்று கேட்டார். கங்காணி யோசிக்கவே இல்லை, என்னைக் காட்டினார். பெண்கள் வரிசையிலிருந்து பேச்சியம்மா, "மத்தியாஸ் அண்ணன் பேசி நாங்க கேட்டது அவரு கல்யாணத்துலதான். அதுவும் சாமியாரு ரெண்டு தரம் கேட்டப்புறம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. துரைக்கு அது போதுமாக இருந்தது.

பங்களாவின் முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் கடல் இருந்தது.

கடல் எங்கள் தோட்டத்திலிருந்து எழுபது மைலுக்கு அப்பால், நாலாயிரம் அடி கீழே கிடந்தது. அதைப் பால் கேன்களில் அடைத்துக் கொழும்பிலிருந்து ரயிலில் வட்டவளைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நாலு பேர் தலையில் சுமந்து மலையேற்றினார்கள். அந்த நாலு பேரில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. வழியில் கேன் தளும்பி முகத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்து, உப்புத்தான் என்று ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டார்கள்.

தொட்டிக்குள் பவளப்பாறை அடுக்கியிருந்தது. ஒரு கண்ணாடிக் குழாய் மின்சாரத்தில் சூடாகித் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்தது. இன்னொரு சிறு எந்திரம் ஓயாமல் காற்றை ஊதிக் குமிழி விட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு முன்னால் நின்றபோது, இந்த மலையில் எனக்குத் தெரிந்த உயிர்களில் குளிராமல் இருக்கப்போகிறவை இதற்குள் வரப்போகிறவைதான் என்று தோன்றியது.

விஷயத்தைத் துரை தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் விளக்கினார். கம்பெனிக்காக ஆண்டுக்கு இரண்டு முறை தோட்டத்தைப் பார்வையிட வருகிற விசிட்டிங் துரை, கடல்மீன் மலையில் பிழைக்காது என்று சொல்லிவிட்டார். பிழைக்கும் என்றார் எங்கள் துரை. பேச்சு பந்தயத்தில் முடிந்திருக்கிறது. பங்குனியில் விசிட்டிங் துரை வந்து எண்ணும்போது பன்னிரண்டு மீன் உயிரோடு இருந்தால் அவர் மீசையை எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கள் துரையின் மீசை போகும். இருவர் மீசையும் இருபது வருஷ மீசை.

"நீ மீன் பாக்குறது. பன்னெண்டு மீன் இருந்தா, ஆத்துப்பக்கம் புது லயம், ஏழாம் நம்பர் காம்பரா உனக்கு. நீயும் சம்சாரமும். ரெண்டு பேர். சரியா?"

அன்றுவரை துரை என்னிடம் கேட்ட கேள்வி எதற்கும் நான் பதில் சொன்னதில்லை. இதற்குச் சொன்னேன். "சரிங்க தொரை."

அந்த ஏழாம் நம்பர் காம்பராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட, நாங்கள் இருந்த காம்பராவைப் பற்றிச் சொன்னால் போதும். கீழ்லயத்து வரிசை வீடுகளில் ஒன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே அறை. அதில் என் அண்ணன் றோலண்ட், மதினி இராசம்மா, அவர்களுடைய நாலு பிள்ளைகள், நான், என் மனைவி சிசிலி. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். எங்கள் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்கும் நடுவே மதினியின் பழைய சேலை ஒன்று தொங்கியது. அந்தச் சேலைக்கு இந்தப் புறம் நானும் சிசிலியும் கண்ணாலும் விரலாலும் பேசப் பழகியிருந்தோம். நான் பேசாதவன் ஆனதற்கு அந்த அறையும் ஒரு காரணமாக இருக்கலாம். எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் ஒருவராவது வாயை மூடியிருந்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

துரையிடம் மீன் வளர்ப்பைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது. தினமும் அதில் ஒரு பக்கத்தை எனக்குச் சொல்வார். முதல் நாள் பாடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"ஒரு மீன், பத்து கேலன். கூட்டம் கூடாது. கூட்டம் வந்தா சண்டை வரும், சீக்கு வரும், சாவு வரும். வெளங்குதா?"

விளங்கியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மதினி அடுப்பூதிக்கொண்டிருந்தபோது சுவரை மூலைக்கு மூலை சாணால் அளந்தேன். ஏன் அளக்கிறேன் என்று மதினி கேட்டாள். நான் இன்னொரு தரம் அளந்தேன். கணக்குச் சரிவரவில்லை.

மீன்கள் ஒன்றும் இரண்டுமாக வந்தன. சாதுவானதை முதலில் விட வேண்டும், சண்டைக்காரனைக் கடைசியில்தான் விட வேண்டும் என்றது புத்தகம். சண்டைக்காரன் முதலில் வந்தால் முழுத் தொட்டியும் தனக்கென்று நினைத்துக்கொள்வானாம். வந்த மீனை உடனே கொட்டவும் கூடாது. அது வந்த டின்னைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அதற்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் பழக்க வேண்டும். நான் கரண்டியோடு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பேன். வீட்டில் சிசிலி, அன்றைக்கு என்ன வேலை என்று கண்ணால் கேட்பாள். இதையெல்லாம் விரலால் காட்டுவேன். அவள் கவனமாகப் பார்த்துக்கொள்வாள்.

தை பிறந்தபோது பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை மூன்று. சாம்பல் நிறத்தில், வாலடியில் கத்தி வைத்திருக்கிற சண்டைக்காரன் ஒன்று. பூப்போல விரிந்திருக்கும் ஒரு ஜந்துவின் மடியைவிட்டு வெளியே வராத செம்மீன் இரண்டு. சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து. கட்டைவிரல் அளவுக்கு நீலமாக ஒன்று. அந்த நீலத்தைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. யாரோடும் சேராமல் பாறைக்குப் பின்னால் இருக்கும்.

ஹட்டனிலிருந்து வரும் இறாலைச் சவர அலகால் பொடியாக நறுக்குவேன். சண்டைக்காரனுக்கு நுவரெலியாச் சலாதுக் கீரை இலை வேண்டும், அதை ஒரு கல்லில் கட்டி இறக்குவேன். ஐந்து நிமிஷத்தில் தின்றதுதான் தீனி. மிச்சத்தை அப்போதே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் கெடும்.

தீனிக்கு நேரம் வேண்டுமே. என்னிடம் கடிகாரம் கிடையாது. பங்களாவுக்கு நேர் கீழே களத்தில் செல்லசாமி பெரட்டுத் தப்பு அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் இறாலைத் தூவுவேன். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அந்தச் சத்தத்துக்குத்தான் செய்துவந்திருக்கிறேன், இதையும் அப்படியே செய்தேன். அதில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. தப்பின் முதல் அடி விழுந்ததும், நான் தொட்டிப் பக்கம் போவதற்கு முன்பே, பாறைச் சந்துகளிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக வந்து கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்றன. மற்ற நேரத்தில் அவற்றை எண்ண முடியாது. ஒன்று தெரியும், இரண்டு ஒளியும். தப்புச் சத்தத்துக்கு மட்டும் பன்னிரண்டும் வந்து நிற்கும்.

துரை காலைத் தேநீர்க் கோப்பையோடு வந்து எண்ணினார். மறுநாளும் எண்ணினார். மூன்றாம் நாள் களத்துக்கு இறங்கிப்போய், தன்னுடைய மீன்கள் ஒரு நாள்கூடப் பிந்தாமல் பெரட்டுக்கு வருவதாகவும், அவற்றைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பேச்சியம்மா கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அதுகளுக்கு வந்த எடத்துலயே சோறு ஊட்டுறாங்க. நமக்கும் ஊட்டச் சொல்லுங்க, ராத்திரியே வந்து படுத்துக்கிறோம்" என்றாளாம். எனக்கு அண்ணன் வந்து சொன்னான்.

மாசியில் காமன் ஊன்றினார்கள். சிவனுடைய கண்ணால் எரிந்துபோன மன்மதனுக்கும் அவன் மனைவி ரதிக்கும் நடக்கிற கூத்து அது. பெரட்டுக் களத்தின் ஓரத்தில் கம்பம் நட்டு, வேலை முடிந்த பிறகு தினமும் தப்பு அடித்து ஆடுவார்கள். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், என்பதால் தள்ளி நின்று பார்ப்போம்.

முதல் நாள் சாயங்காலம் தப்பு முழங்கியதும் பன்னிரண்டு மீனும் வந்து வரிசையில் நின்றன. அது பெரட்டுத் தாளம் இல்லை, காமன் தாளம். மீன்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. தப்பு ஓயும்வரை, இரண்டு மணி நேரம், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. நான் தீனி போடவில்லை. அவை என்னைப் பார்த்த பார்வையை நான் லயத்தில் பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

பங்களாத் தோட்டக்காரன் இதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சொல்லிவிட்டான். கூத்து வாத்தியாருக்கு மெய்சிலிர்த்ததாம். காமன் கொடியில் இருப்பது மீன். காமன் தப்புக்குக் கடல்மீன் வந்து நிற்கிறது என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் இருபது பேர் பங்களா வாசலில் நின்றார்கள். அதற்கு மறுநாள் இருநூறு பேர். துரை நெகிழ்ந்துபோனார். தோட்டத்து ஜனங்களுக்குக் கடல் உயிர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. தினமும் சாயங்காலம் முன்னறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். ஜனங்கள் காலைக் கழுவிக்கொண்டு வரிசையாக வந்து தொட்டிக்கு முன் கைகூப்பினார்கள். துரை கணப்புக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு உதவுகிற நான், கையில் கரண்டியோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டொருவர் என் காலையும் தொட்டார்கள்.

கூட்டத்தில் யாரோ தொட்டிக்குள் பொரியும் வெல்லமும் போட்டுவிட்டார்கள். உறிஞ்சி எடுத்தேன். மறுநாள் மறுபடி பொரி. துரையிடம் சொன்னால் கதவைச் சாத்துவார், ஒருவேளை கூத்தையே நிறுத்தச் சொல்லுவார். பிறகு அந்தத் தோட்டத்தில் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? சொல்லாவிட்டால் தண்ணீர் கெடும், மீன் சாகும், காம்பரா போகும். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விசிட்டிங் துரை வர ஒன்பது நாள் இருக்கும்போது நீலம் தின்னுவதை நிறுத்தியது. தப்புக்கு வந்து நின்றது, ஆனால் இறாலைத் தொடவில்லை. அன்றைக்குச் சேலைக்கு இந்தப் புறம் சிசிலியிடம் கட்டைவிரலைக் காட்டி, தலையை ஆட்டினேன். அவள் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுடைய அண்ணன் நோட்டன் பிரிட்ஜ் என்கிற ஊரிலிருந்து வந்துபோனதாக மதினி சொன்னாள். அன்று முதல் எங்கள் பக்கத்து மூலையில் மூடிபோட்ட மண்பானை ஒன்று இருந்தது. அட்டைக்கடிக்கென்று தோட்டத்தில் தருகிற உப்புப் பொட்டலம் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் தப்புச் சத்தத்துக்கு எழுந்ததும் சிசிலி முதலில் அந்த மூடியைத்தான் திறப்பாளாம். உப்பைக் கரைத்து ஒரு கரண்டி ஊற்றி மூடிவிடுவாள் என்று மதினி சொன்னாள். ஊறுகாய் போலும் என்று நினைத்தேன்.

கூத்தின் கடைசி நாள் காமனை எரித்தார்கள். எங்கள் தோட்டத்தில் காமன் எரிந்த பிறகு மூன்று நாள் துக்கம். மூன்று நாளும் தப்பு அடிக்க மாட்டார்கள், தோலைத் தொடவே மாட்டார்கள். அந்த நாட்களில் பெரட்டுக்கு ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சங்குதான் ஊதும். சங்கை மீன்கள் சட்டை செய்யவில்லை. பாறைக்குள்ளேயே கிடந்தன. துரையால் எண்ண முடியவில்லை.

துக்கத்தின் முதல் நாளே நீலத்தைக் கண்டேன். பாறைக்குப் பின்னால் பக்கவாட்டில் மிதந்தது. தேயிலை இலை ஒன்றில் சுற்றி ரோஜாப் பாத்திக்கு அடியில் புதைத்தேன். சாயங்காலம் சிசிலியிடம் பதினொன்று என்று விரலால் காட்டினேன். பத்து விரலையும் காட்டி, பிறகு ஒன்றைக் காட்டினேன். அந்த ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள்தான் விசிட்டிங் துரை வருகிறார். காலையில் சிசிலி எனக்குச் சாப்பாடு கொண்டு பங்களாவுக்கு வந்தாள். அவள் ஒரு நாளும் வந்ததில்லை. சாப்பாட்டை மண்பானையில் கொண்டுவந்தது அதைவிடப் புதுமை. குசினியில் குடிக்கத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னாள். குசினிக்காரர் வெளியே போயிருந்ததால் நான் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பானை காலியாக இருந்தது. சாப்பாடு எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பசியும் இல்லை.

பதினொரு மணிக்கு விசிட்டிங் துரை வந்தார். சிவந்த, அகலமான மீசை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பைக்கடிகாரத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். தொட்டியில் மூன்று மீன்தான் தெரிந்தன. கால் மணி நேரம் போயிற்று. ஒன்று பாறைக்குள் போய்விட்டது, இரண்டு ஆயிற்று. விசிட்டிங் துரை தன் மீசையைத் தடவினார். எங்கள் துரையும் தடவினார்.

தப்பு அடிக்கச் சொல்லி ஆள் போயிற்று. செல்லசாமி வாசல்வரை வந்து நின்றான். அவனை அப்படிப் பணிவாகவும் அப்படிப் பிடிவாதமாகவும் நான் முன்பு பார்த்ததில்லை.

"காமன் செத்துக் கெடக்கிறாருங்க தொரை. நாளன்னிக்குக் காலையில அடிக்கிறேன். எம்புட்டு வேணும்னாலும் அடிக்கிறேன். இன்னிக்கு முடியாதுங்க."

துரை கத்தினார். செல்லசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு துரைமார், ஒரு தொட்டி, ஒரு தப்புக்காரன், நான். அறையில் காற்றுக் குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மாதிரி மௌனம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு முதல்முறையாக அதற்குள் இருக்க முடியவில்லை. தப்புச் சத்தத்துக்கு வரப்போவது பதினொன்றுதான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், வந்தால் என் காம்பரா போகும். வராவிட்டாலும் போகும். ஆனாலும், செத்தது என்னுடைய சாமி இல்லை; இந்த அறையில் தாளம் தெரிந்தும் துக்கம் இல்லாத கை என்னுடையதுதான்.

மூலையில் இருந்த வெறும் பால் கேனைக் கவிழ்த்து வைத்தேன். கரண்டியை எடுத்தேன். செல்லசாமியைப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறந்த நாள் முதல் கேட்ட அந்தத் தாளத்தை அடிக்க ஆரம்பித்தேன்.

சண்டைக்காரன் முதலில் வந்தான். மஞ்சள் மூன்றும் வந்தன. சிவப்பும் வெள்ளையும் ஒவ்வொன்றாக ஐந்து. செம்மீன் இரண்டும் மடியைவிட்டு இறங்கின. விசிட்டிங் துரை விரலை நீட்டி எண்ணினார். பதினொன்றில் விரல் நின்றது. நான் அடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்போது பாறைக்கு அடியிலிருந்து பன்னிரண்டாவது வந்தது.

கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், ஒரு அழகும் இல்லாமல் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில், பெரட்டுக்குப் புதிதாக வந்த ஆளைப் போல ஒதுங்கி நின்றது. நோட்டன் பிரிட்ஜ் அணைத் தண்ணீரில் பிடிக்கிற திலாப்பியா. கருவாட்டுக்குக்கூட யாரும் பெரிதாக மதிக்காத மீன்.

கரண்டி என் கையில் நின்றுவிட்டது.

விசிட்டிங் துரை பன்னிரண்டு என்று சொன்னார். கொஞ்சம் பொறுத்து, அந்தக் கறுப்பு எந்த ஜாதி என்று கேட்டார். எங்கள் துரை அந்த மீனை அப்போதுதான் பார்க்கிறார் என்பது அவர் காதுமடல் சிவந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவர் மெதுவாகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, அரை நிமிஷம் நீளமுள்ள ஒரு பெயரைச் சொன்னார். மிகவும் அபூர்வமானது என்றும் சொன்னார். விசிட்டிங் துரை மரியாதையோடு குனிந்து பார்த்தார்.

மீசையை எங்கள் பார்பர்தான் எடுத்தான். தேநீர் வேளைக்குள் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது செல்லசாமி படியில் உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "மூணாவது அடி பிந்துது மத்தியாசு. மீனுங்களா இருக்கவும் பொறுத்துக்கிருச்சு" என்றான்.

சனிக்கிழமை ஏழாம் நம்பருக்குப் போனோம். ஒரு தகரப்பெட்டி, இரண்டு பாய், ஒரு மாதா படம், அந்த மண்பானை. கதவைச் சாத்தியதும் ஆற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கல்யாணமான நாள் முதல் நான் நினைத்துக்கொண்டிருந்த மௌனம் அதுதான். அதில் உட்கார்ந்துகொண்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அது எப்படி தப்புக்கு வந்துச்சு?"

"நம்ம காம்பராவுல எட்டு நாளு இருந்துச்சுல்ல" என்றாள் சிசிலி. "தப்புக்கு எந்திரிக்காம அங்க யாரு இருக்க முடியும்? ஆனா ஒண்ணுமே திங்கல. எட்டு நாளும் வாயைத் தொறக்கல. சரி, உங்கள மாதிரி ஒரு ஜென்மம்னு விட்டுட்டேன்."

அது வாயைத் திறக்காத காரணம் அடுத்த வாரம் தெரிந்தது. தப்புச் சத்தத்துக்கு வந்து வரிசையில் நின்ற கறுப்பு மீன் மெல்ல வாயைத் திறந்தது. கடுகைப் போல, கண் மட்டும் உள்ள குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முப்பத்து நாலுவரை எண்ணினேன். ஒரு மீனுக்குப் பத்து கேலன் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் துரையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நிழல் கண்ணாடியில் விழுந்ததுதான் தாமதம், குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் போய்விட்டன. அது வாயை மூடிக்கொண்டது.

துரை எண்ணினார். "பன்னெண்டு. நல்லது" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, வாசலில் மதினியின் இரண்டு பிள்ளைகள் பாயோடு உட்கார்ந்திருந்தார்கள். கீழ்லயத்தில் காற்று இல்லையாம். அடுத்த நாள் மற்ற இரண்டும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மதினி தன் பழைய சேலையைக் கொண்டுவந்து நடுவே கட்டினாள்.

மாதத்துக்கு ஒருமுறை துரை லயம் பார்க்க வருவார். ஏழாம் நம்பரின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். நானும் சிசிலியும் சுவரோரமாக நிற்போம். "ரெண்டு பேர். நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே போய்விடுகிறார்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.